பூ உதிர்ந்த பிறகும் தண்ணீர் வேண்டும்

மாசி பாதி கடந்தால் போதும், தில்லிக் குடியிருப்புகளின் குப்பை மேடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். காய்கறித் தோலுக்கும் பால் உறைகளுக்கும் நடுவே, பச்சை இலை வாடாமல், வேரில் மண் உதிராமல், கிழங்கோடு செடிகள் கிடக்கும். பொங்கலுக்கும் குடியரசு தினத்துக்கும் இடையில் நாம் நர்சரிகளில் ஆசையாக வாங்கிய நர்கீஸ், டேஃபோடில், ஹயசிந்த், ட்யூலிப் தொட்டிகளின் கதி இது. பூ இருந்தவரை வரவேற்பறையில் டி.வி.க்குப் பக்கத்தில் மரியாதையான இடம். பூ உதிர்ந்த மறுநாள் குப்பை வண்டி.

இந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பூ உதிர்ந்த அன்று அந்தச் செடி சாகவில்லை. வருடம் முழுவதிலும் அதற்கு மிக முக்கியமான வேலை அன்றுதான் தொடங்குகிறது. அந்த வேலையைச் செய்யவிட்டால் இவற்றில் சில அடுத்த ஆண்டும் பூக்கும், சில பூக்காது. எது பூக்கும், எது பூக்காது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றமும் இல்லை, வீணும் இல்லை.

நான் தாவரவியல் படித்தவள் அல்ல. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வாழ்க்கையில் தரைத்தளம், இரண்டாம் மாடி, நான்காம் மாடி என்று மாறி மாறி, கிடைத்த வெயிலில் தொட்டி வைத்துப் பழகியவள். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையும்தான் இங்கே சொல்கிறேன்.

கிழங்கு ஒரு கட்டுச்சோறு

நர்சரிக்காரர் இதை 'பல்ப்' என்பார். நம் வீட்டில் பல்ப் என்றால் விளக்கு. ஆகவே கிழங்கு என்றே எழுதுகிறேன். சமையலறை வெங்காயத்தை நெடுக்கே வெட்டிப் பாருங்கள். அடுக்கடுக்காக இருக்கும் சதை எல்லாம் இலைகளின் அடிப்பாகம். நடுவில் குருத்து. அடியில் சிறிய தட்டு, அதிலிருந்து வேர். நர்கீஸ், ட்யூலிப், ஹயசிந்த் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

அடுக்களைக் கூடையில் மறந்துபோன வெங்காயம், மண்ணும் தண்ணீரும் இல்லாமல் முளை விடுகிறதே, எப்படி? இலைகள் வெயிலில் சமைத்துக் கட்டிவைத்த சோறு உள்ளே இருப்பதால்தான். நாம் வாங்கும் நர்கீஸ் பூப்பதும் அவ்விதமே. ஒரு மாதம் நாம் ஊற்றிய தண்ணீர் அந்தப் பூவை உண்டாக்கவில்லை. சென்ற ஆண்டு, யாரோ ஒருவருடைய நிலத்தில், அதன் இலைகள் சேர்த்துவைத்த சேமிப்பு அது. பூத்து முடிந்ததும் கணக்கில் இருப்பு காலி. மறுபடி சம்பளம் வந்தால்தான் சேமிப்பு. சம்பளம் கொண்டுவருவது இலை.

அந்தச் சேமிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு சரித்திரச் சான்று உண்டு. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது மக்கள் ட்யூலிப் கிழங்குகளைச் சமைத்துச் சாப்பிட்டு நாட்களைத் தள்ளினார்கள். மாவுச்சத்து அந்த அளவுக்கு இருக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் சோதனையில் இறங்க வேண்டாம். நர்கீஸ், டேஃபோடில் கிழங்குகளில் லைகோரின் என்னும் நச்சு உண்டு. பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும். அவற்றைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.)

பூ போனதும் இலையையும் வெட்டி எறிவது, சம்பள நாளுக்கு முன்தினம் ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைப் போன்றது.

நம் ஊரில் தெரிந்த விஷயம்தான்

இது வெளிநாட்டுச் செடியின் வினோதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். இலை பழுத்துக் காய்ந்து சாய்ந்த பிறகுதான் கிழங்கை வெட்டுவார்கள். நடுவில் யாராவது இலையை அறுத்தால் சும்மா விடுவார்களா? வெங்காயம் போட்டவர்களும் தாள் தலை சாயும்வரை காத்திருப்பார்கள். இலையில் இருக்கும் சத்து கீழே இறங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கிலிருந்து வருவதே. மழைக்குத் துளிர்த்து, வேலியில் படர்ந்து, பூத்து, பிறகு கொடி காய்ந்து மறைந்துவிடும். தெரியாதவர்கள் செத்துவிட்டது என்பார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் தலை காட்டும். காந்தள் மழைக்கு எழுந்து வறட்சியில் உறங்குகிறது. நர்கீஸ் குளிருக்கு எழுந்து கோடையில் உறங்குகிறது. பஞ்சாங்கம்தான் வேறு, வாழ்க்கைமுறை ஒன்றே. நிலம் தெரிந்த குடும்பங்களில் பிறந்த நாம், நகரத்துக்கு வந்து தொட்டியில் வளர்க்கும்போது மட்டும் இதை மறந்துவிடுகிறோம்.

நாங்கள் முன்பு இருந்த குடியிருப்பில் மாடிப்படி ஓரமாக ஏழெட்டு நர்கீஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மார்ச் மாதத்தில் மேலதிகாரி யாரோ பார்வையிட வருகிறார் என்று, இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். மாலி புல் வெட்டும் கத்திரியால் எல்லா இலைகளையும் மட்டமாக வெட்டிவிட்டார். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஃபூல் தோ கதம் ஹோ கயா மாதாஜி, அப் இஸ்மே க்யா ரக்கா ஹை?" என்றார். பூதான் முடிந்துவிட்டதே, இனி இதில் என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே சொன்னதைக் கீழே செய்தார். அடுத்த குளிர்காலத்தில் அந்தத் தொட்டிகளில் மெலிந்த இலைகள் வந்தன. பூ ஒன்றுகூட வரவில்லை. "கிழங்கு மட்டம்" என்று தீர்ப்புச் சொல்லி அத்தனையையும் பிடுங்கிப் போட்டார்கள். கிழங்கின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

எது திரும்பப் பூக்கும்?

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கிழங்கும் தில்லியில் திரும்பப் பூக்காது. அதைச் சொல்லாமல் "வீணாக்காதீர்கள்" என்று மட்டும் உபதேசம் செய்தால், ஒரு வருடம் உழைத்தவர்கள் மறு வருடம் என்னைத் திட்டுவார்கள்.

முதலில் நர்கீஸ். ஒரே தண்டில் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூக்கள், அறை முழுவதும் மணம். உருதுக் கவிஞர்கள் கண்ணுக்கு உவமை சொல்லும் பூ இதுதான். இதன் பூர்வீகம் மத்தியதரைக் கடல் பக்கம். அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. பூமொட்டு உள்ளே உருவாக இதற்குக் கோடை வெப்பமே தேவை, கடுங்குளிர் தேவையில்லை. ஆகவே தில்லி இதற்கு ஒத்துக்கொள்ளும். திரும்பப் பூக்கவைக்க விரும்புகிறவர்கள் இதில் தொடங்குவதே நல்லது.

ஃப்ரீசியாவும் இந்த ரகம்தான். அதன் கிழங்கு உறக்கம் கலைய, பல வாரங்கள் வெப்பமான இடத்தில் உலர்ந்து கிடக்க வேண்டும். வெப்பத்துக்கு தில்லியில் பஞ்சமா?

மூன்றாவது அமாரில்லிஸ். பங்குனி, சித்திரையில் பெரிய சிவப்புக் குழல்களாகப் பூப்பது. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தில்லியில் மட்டுமல்ல, பெங்களூரிலும் சென்னையிலும்கூட வருடா வருடம் பூக்கும். கிழங்கு பெருத்துக்கொண்டே போகும், பக்கத்தில் குட்டிகளும் போடும்.

அடுத்தது பெரிய மஞ்சள் டேஃபோடில், ஹயசிந்த். இவை நடுத்தரம். இரண்டுக்கும் நீண்ட குளிர் வேண்டும். தில்லியின் குளிர் கடுமையாக இருந்தாலும் குறுகியது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நடுங்கவைக்கும், பகலில் வெயில் அடித்துவிடும். பிரிட்ஜில் பத்துப் பன்னிரண்டு வாரம் வைத்து நட்டால் ஹயசிந்த் பூக்கலாம். ஆனால் முதல் வருடத்தின் அடர்த்தியான கொத்தை எதிர்பார்க்கக் கூடாது. தண்டில் பூக்கள் விலகி விலகி இருக்கும். எனக்கு அதுவே பிடிக்கும்.

கடைசியாக ட்யூலிப். இதில் நான் கண்டிப்பானவள்: தில்லியில் ட்யூலிப் தொட்டி வாங்குகிறவர்கள் பூங்கொத்து வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதன் வழக்கமே வேறு. பூத்ததும் தாய்க் கிழங்கு கரைந்துபோய், பக்கத்தில் சேய்க் கிழங்குகள் உருவாகும். அவை பெருத்தால்தான் மறு வருடம் பூ. பெருப்பதற்குக் குளிர்ச்சியான நீண்ட வசந்தம் தேவை. தில்லியில் மார்ச் கடைசியிலேயே வெயில் ஏறி இலை காய்ந்துவிடுகிறது. சேய்கள் பூண்டுப்பல் அளவில் நின்றுவிடுகின்றன. சில ஆண்டுகளாக சாந்திபத் சாலையோரத்தில் புது தில்லி நகராட்சி வைக்கும் ட்யூலிப்களை நாம் குடும்பத்தோடு போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். அவற்றுக்கான கிழங்குகள் பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்து இறக்குமதியானவை. முன்கூட்டியே குளிரூட்டப்பட்டு வருபவை. அவ்வளவு ஏற்பாடு நம் பால்கனிக்குச் சாத்தியமில்லை.

ட்யூலிப்பை அதன் இயல்பான வாழ்க்கையில் பார்க்க விரும்பினால் ஸ்ரீநகர் போக வேண்டும். அங்கே ஜபர்வான் மலையடிவாரத்தில், டால் ஏரியைப் பார்த்தபடி, இந்திரா காந்தி நினைவு ட்யூலிப் தோட்டம் இருக்கிறது. பலரும் ட்யூலிப்பை ஐரோப்பியப் பூ என்று நினைக்கிறார்கள். மத்திய ஆசிய மலைகளே அதன் தாயகம். காபூல் மலைச்சரிவுகளில் முப்பதுக்கு மேற்பட்ட வகை ட்யூலிப்கள் இருந்ததாக பாபர் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். துருக்கி வழியாக ஐரோப்பா சென்று, 1590-களில் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குடியேறி, 1637-இல் விலை தாறுமாறாக ஏறி விழுந்த பூ அது. அதுவும் நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்ததுதான். ஆனால் குளிரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வருடக் கணக்கு

நர்கீஸை மனத்தில் வைத்துக்கொண்டு மாதவாரியாகச் சொல்கிறேன். டேஃபோடில், ஃப்ரீசியாவுக்கும் ஏறக்குறைய இதுவே.

பிப்ரவரி, மார்ச்: பூ வாடியதும் பூத்தண்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். விட்டால் விதை பிடிக்கப் பார்க்கும். சத்து அங்கே போகும். இலையைத் தொடாதீர்கள். சிலர் இலைகளைச் சேர்த்துப் பின்னி முடிச்சுப் போடுகிறார்கள். பார்க்க அடக்கமாக இருக்கும். வெயில் படும் பரப்பு குறைந்துவிடும். அதுவும் வேண்டாம். தொட்டியை வரவேற்பறையிலிருந்து நல்ல வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். மண் காயக் காயத் தண்ணீர் விடுங்கள். ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பொட்டாஷ் அதிகமாக உள்ள திரவ உரத்தை நீர்க்கக் கரைத்து ஊற்றலாம். யூரியா வேண்டாம், இலை கொழுக்கும், பூ வராது. குறைந்தது ஆறு வாரமாவது இலை பச்சையாக வெயிலில் நிற்க வேண்டும் என்பதைக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல்: இலை தானாகவே மஞ்சளாகும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். இந்தச் சமயத்தில்தான் வீட்டில் எல்லோரும் "இந்தக் காய்ஞ்ச தொட்டியை எப்போ தூக்கிப் போடப் போறே?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் தொட்டியைக் கொஞ்சம் மறைவாக நகர்த்திவிடுங்கள்.

மே: இலை முழுவதும் காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால், கிழங்கைத் தோண்டி எடுக்கலாம். கழுவ வேண்டாம். மண்ணை உதறி, நிழலில் காகிதத்தின் மேல் ஒரு வாரம் உலர்த்துங்கள். மெத்தென்று அமுங்குவதையும், பூஞ்சணம் பிடித்ததையும் தயங்காமல் எறியுங்கள். ஒன்று மற்றவற்றைக் கெடுக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: வெங்காயம் வாங்கும் வலைப்பையில் போட்டு, காற்று வரும் நிழலான இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, வேர்த்து அழுகும். வெப்பம் இதற்கு எதிரியல்ல. ஜூலை மாதத்து ஈரம்தான் எதிரி. தொட்டியிலேயே விட்டுவிட்டால் மழையில் அழுகிவிடும். ஆகவேதான் தோண்டி எடுக்கச் சொல்கிறேன். பையில் கொட்டை எழுத்தில் "பூக்கிழங்கு - விஷம்" என்று சீட்டு எழுதிக் கட்டுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் நல்லெண்ணத்தில் சாம்பாரில் போட்டுவிடக் கூடாது.

ஹயசிந்த் வைத்திருப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் அதைக் காகிதப் பையில் போட்டு, பிரிட்ஜில் பழத்தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பழுக்கும் ஆப்பிளும் வாழையும் விடும் எத்திலீன் வாயு, உள்ளே இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். அங்கேயும் சீட்டு ஒட்ட மறக்காதீர்கள். டிசம்பர் நடுவில் எடுத்து நடலாம்.

அக்டோபர்: நவராத்திரி முடியும் சமயம் நர்கீஸ் நடுவதற்கு ஏற்றது. அடியில் ஓட்டை உள்ள எட்டு அல்லது பத்து அங்குல மண்தொட்டி. தோட்டமண், மணல், மக்கிய உரம் கலந்த இளக்கமான மண். ஒரு தொட்டியில் ஐந்தாறு கிழங்குகளை நெருக்கமாக, ஒன்றையொன்று தொடாமல், நுனி மேலே தெரியும்படி வையுங்கள். முதல் தண்ணீர் தாராளமாக; பிறகு முளை தெரியும்வரை அளவாக. மார்கழிக் கோலம் போடும் நாட்களில் மணம் வரத் தொடங்கும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல்லும் தண்ணீரும் வைத்துப் பூக்கவைக்கும் கிழங்குகளிடமிருந்து மறு வருடம் எதிர்பார்க்காதீர்கள். அவை கையிருப்பை முழுவதும் செலவழித்தவை.

அமாரில்லிஸுக்குக் கணக்கு வேறு. பூத்த பிறகு கோடையிலும் மழைக்காலத்திலும் இலையோடு வளரவிட வேண்டும். நவம்பரில் தண்ணீரை நிறுத்தி, இரண்டு மாதத்துக்கு மேல் உலரவிட்டு, பிப்ரவரியில் மறுபடி தண்ணீர் காட்டினால் மொட்டு வரும். கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே இருக்கட்டும். அடிக்கடி தொட்டி மாற்றத் தேவையில்லை; நெருக்கடியில்தான் நன்றாகப் பூக்கும். தில்லியில் வீடு கிடைத்த நம்மைப் போல!

"எதற்கு இந்தச் சிரமம்?"

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன. மூன்றுக்கும் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, "மாமி, ஹோட்டலில் இரண்டு பேர் தோசை சாப்பிடுகிற காசு. அடுத்த வருஷம் புதுசு வாங்கினால் போகிறது." உண்மைதான், பணக்கணக்கில் நான் தோற்றுப்போவேன். ஆனால் வீட்டில் குழந்தை வளர்கிறது. அது பூ வருவதையும் பூ குப்பைக்குப் போவதையும் மட்டும் பார்த்தால், பூ என்பது கடையில் விளைவது என்று நினைத்துக்கொள்ளும். என் பேத்தி ஒரு விஜயதசமி அன்று தன் கையால் நட்ட கிழங்கை, மார்கழிவரை தினமும் பள்ளிக்கூடம் போகும்முன் எட்டிப் பார்த்தாள். பட்டனைத் தட்டினால் எல்லாம் வீட்டுவாசலுக்கு வந்துவிடுகிற இந்த நாளில், மூன்று மாதம் ஒன்றுக்காகக் காத்திருந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை. அதை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டாவது, "பூ இல்லாத தொட்டி அசிங்கமாக இருக்கிறது." ஆறு வாரத்துப் பழுத்த இலையைக்கூடப் பார்க்கச் சகியாமல் போனால் அது நம் கண்ணின் பழக்கம். வேலை செய்துகொண்டிருப்பது அலங்காரமாக இருக்காது. சமையல் நடக்கும்போது அடுக்களை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? என் மாமியார் கடைசிப் பத்து ஆண்டுகள் எங்களோடு தில்லியில் இருந்தார். மொழி தெரியாத ஊர், மூட்டுவலி. "நான் என்னத்துக்கு இங்கே, ஒரு பிரயோஜனமும் இல்லை" என்பார். அந்த வீட்டில் தினமும் என் பிள்ளைகளுக்கு மாலையில் கதை சொன்னதும் தமிழ் எழுதப் பழக்கியதும் அவர்தான். பூ இல்லாத காலம் வெறுங்காலம் அல்ல என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரிந்தது அவரைப் பார்த்துத்தான். செடியையும் மனிதரையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் ஏப்ரல் மாதத் தொட்டியைத் தூக்கி எறியச் சொல்லும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இருப்பதில்லை.

மூன்றாவது, "எப்போது ட்ரான்ஸ்பர் வருமோ, இதில் செடி வேறா?" இதற்கு என் பதில் நேர் எதிர். ட்ரான்ஸ்பர் குடும்பங்களுக்கென்றே படைக்கப்பட்ட செடி இது. ரோஜாவையும் துளசியையும் லாரியில் ஏற்றினால் பாதி வழியில் வாடும். உறங்கும் கிழங்கைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கூட எடுத்துப் போகலாம். பள்ளிக்கூட விடுமுறையை ஒட்டி, கோடையில்தான் பெரும்பாலும் வீடு மாறுகிறோம். கிழங்கும் அப்போது உறக்கத்தில் இருக்கிறது. தெற்கே திரும்புகிறவர்கள் மட்டும் ஒன்று கவனியுங்கள். நர்கீஸுக்கு சென்னை வெக்கை ஒத்துவராது. அதை இங்கேயே ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு, அமாரில்லிஸை எடுத்துச் செல்லுங்கள். அங்கிருந்து வருகிறவர்கள் நிலசம்பங்கிக் கிழங்கு கொண்டுவரலாம். இங்கே 'ரஜனிகந்தா' என்று கொண்டாடுகிறார்களே, அதே பூதான். தில்லிக் கோடையில் நன்றாகப் பூக்கும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

நம் சங்க விழாக்களில் மேடை ஓரத்தில் பூந்தொட்டிகளை அடுக்குகிறோம். பிப்ரவரி, மார்ச்சில் விழா என்றால் அவற்றில் பாதி கிழங்குச் செடிகள். விழா முடிந்து நாற்காலிகளை எடுக்கும்போது தொட்டிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இனிமேல் கேட்போம். விழா முடிவில் ஒரு குடும்பம் ஒரு தொட்டியை எடுத்துப் போகட்டும். இலை காயும்வரை பார்த்துக்கொள்வது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. மே மாதத்தில் கிழங்கை எடுத்து வைக்கட்டும்.

அடுத்தது நவராத்திரி. கொலுவுக்கு வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு பிளாஸ்டிக் டப்பாவும், யாரும் உபயோகிக்காத கண்ணாடிச் சட்டமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கியவர் அடுத்த வீட்டுக் கொலுவில் அதையே கொடுக்கிறார். அதற்குப் பதிலாக, துணிப்பையில் சீட்டுக் கட்டிய ஒரு நர்கீஸ் கிழங்கு கொடுத்தால் என்ன? நடும் பருவமும் அதுவே. கிழங்கு பெருகப் பெருகக் கொடுப்பதற்குக் குறைவும் வராது. ஒரு தாய்க் கிழங்கின் பக்கத்தில் வரும் சேய்கள் பூக்கும் பருமனுக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை சேர்த்து வைத்து, பருத்ததைக் கொடுக்கலாம்.

முதல் வருடம் எல்லாத் தொட்டியும் பூக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். இலை மட்டும் வருகிற தொட்டிகளும் இருக்கும். அவற்றையும் எறியாதீர்கள், இன்னொரு பங்குனி வெயில் பட்டால் அடுத்த மார்கழிக்குப் பூக்கக்கூடும். சொந்த ஊரிலேயே இருப்பவர்களுக்கு இந்தப் பொறுமை பெரிய விஷயமாகத் தோன்றாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறி, எதையும் நிலையாக வைத்துக்கொள்ள முடியாத நமக்கு, ஒரே கிழங்கு ஐந்தாறு குளிர்காலம் கூட வருவது ஒரு சின்ன நிம்மதி.

செயற்குழு இதை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை; நம்மில் பத்து வீடுகள் தொடங்கினால் போதும். இந்த நவராத்திரிக்குக் கொடுப்பதற்கு, பூக்கும் பருமனில் இருபது கிழங்குகள் என் வீட்டு வலைப்பையில் தொங்குகின்றன. வேண்டியவர்கள் விஜயதசமிக்குள் சொல்லி அனுப்புங்கள். வரும்போது காலித் தொட்டி ஒன்று கொண்டு வாருங்கள்.